பார்சலோனாவின் பழைய கதை எழுத வேண்டுமா? முதலில் ஒரு பேட்டையைப் பிடியுங்கள்

தம்பி, மதுரையில் மூன்று வருடம் நாளிதழ் வேலை பார்த்துவிட்டு பார்சலோனாவுக்குப் படிக்க வந்திருக்கிறீர்கள். அறை எங்கே பார்ப்பது, பகுதிநேர வேலை கிடைக்குமா, மசாலா சாமான் எங்கே வாங்குவது என்று கேட்டுவிட்டு, கடைசி வரியில் ‘இந்த ஊரின் பழைய கதைகளை எழுத ஆசை, வெளியூர்க்காரனால் முடியுமா?’ என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் பதில் சொல்ல விரும்புவது அந்தக் கடைசி வரிக்குத்தான். புதிதாக வந்தவனுக்கு இந்த ஊர் எப்படிச் சுவர் மாதிரி நிற்கும் என்று எனக்குத் தெரியும். மற்றதற்கு இரண்டே வரி. பத்ரோன் எனப்படும் நகரசபைக் குடியிருப்புப் பதிவுக்குச் சம்மதிக்காத வீட்டுக்காரரிடம் அறை எடுக்காதீர்கள், அது இல்லாமல் மருத்துவ அட்டைகூட வராது. மாணவர் விசாவில் வாரம் 30 மணி நேரம் வரை வேலை செய்யலாம்.

சக்ராதா ஃபமிலியா தேவாலயத்தையும் ராம்ப்ளா கடைவீதியையும் தொடாதீர்கள். நம்மவர்கள் வந்து இறங்கிய மறுநாளே கேமராவைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் ஓடுகிறார்கள். பத்து வருடம் ராவால் பேட்டையில் குடியிருந்தும் தெருப்பெயர் யாருடையது என்று கேட்காதவர்கள் இருக்கிறார்கள். இந்த ஊரை எழுத ஒரு முன்மாதிரி வேண்டுமென்றால் ஜோசப் மரியா உவெர்த்தாஸ் கிளாவெரியாவைப் படியுங்கள். 1939இல் இங்கே பிறந்து 2007இல் இறந்த பத்திரிகையாளர். பிரபுக்களின் மாளிகையை விட்டுவிட்டு ஆலைப் பேட்டைகளையும் குடிசைகளையும் எழுதியவர். ஜவுமே ஃபாப்ரேயுடன் சேர்ந்து நகரின் எல்லாப் பேட்டைகளையும் பற்றி 1976, 77இல் ஏழு தொகுதி கொண்டுவந்தார். அவரிடம் தொழில் கற்ற இளைஞர்களுக்கு ‘உவெர்த்தாமாரோஸ்’ என்றே பட்டப்பெயர், உருகுவேயின் துப்பமாரோஸ் கெரில்லாக்களை வைத்துக் கேலியாக.

அவர் சிறைக்குப் போனதும் உள்ளூர்ச் செய்தியால்தான். 1975 ஜூனில் ‘தெலெ எக்ஸ்பிரஸ்’ மாலை நாளிதழில் மணிக்கணக்கில் அறை விடும் விடுதிகளைப் பற்றி எழுதினார். அவற்றில் பலவற்றை நடத்துவது ராணுவத்தாரின் விதவைகள் என்று போகிற போக்கில் ஒரு வரி. ராணுவ நீதிமன்றம் இரண்டு வருடத் தண்டனை கொடுத்தது. எட்டு மாதத்துக்கு மேல் உள்ளே இருந்தார். அவரைக் கைது செய்ததைக் கண்டித்துப் பத்திரிகையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், சர்வாதிகாரி பிராங்கோ உயிரோடு இருக்கும்போதே! பின்னாளில் அதே மனிதர் கத்தலோனியப் பத்திரிகையாளர் சங்கத்துக்குத் தலைவர் ஆனார்.

இனி வேலைக்கு வருவோம். நகரில் 10 மாவட்டம், 73 பேட்டை. ஒன்றை மட்டும் எடுங்கள். பொப்லெநோவு என்று வைத்துக்கொள்வோம். ‘கத்தலான் மான்செஸ்டர்’ என்று பெயர் வாங்கிய ஆலைப் பகுதி, உவெர்த்தாஸுக்கு மிக நெருக்கமான இடம். அங்கே 1880இல் ஓடிய ஓர் ஆலையைப் பார்சலோனா ஆவணங்களில் தேடினால் கிடைக்காது. ஏன்? அப்போது அது பார்சலோனாவே இல்லை. சந்த் மார்த்தி தெ ப்ரொவென்சால்ஸ் என்ற தனி ஊர். அதுவும் கிராசியா, சான்ட்ஸ் முதலியனவும் 1897இல்தான் இணைந்தன. ஓர்த்தா 1904, சர்ரியா 1921. அதனால் எதைத் தேடினாலும் முதலில் அந்த வருடம் அந்த இடம் எந்த ஊர் என்று பாருங்கள், பிறகு அந்த மாவட்ட ஆவணக்காப்பகத்துக்குப் போங்கள்.

அடுத்த பள்ளம் தெருப்பெயர். ஊர்கள் இணைந்தபோது ஒரே பெயரில் பல தெரு இருந்ததால் நிறையப் பெயர்களை மாற்றினார்கள். ஆட்சி மாறும்போதெல்லாமும் மாற்றினார்கள். இன்றைய தியகோனால் சாலை, பிராங்கோவுக்கு முந்தைய குடியரசுக் காலத்தில் ‘ஏப்ரல் 14’ சாலை, பிராங்கோ காலத்தில் ‘ஹெனரலிஸிமோ’ சாலை. கிரான் வியா சாலைக்கு அப்போது ஃபலாங்கே கட்சியைத் தொடங்கிய ஹோசே அந்தோனியோவின் பெயர். உள்நாட்டுப் போரில் வியா லயெதானா சாலைக்கு அராஜகவாதத் தலைவர் துருத்தியின் பெயர். 1979இல் தேர்தல் நடந்து புதிய நகரசபை வந்த பிறகே பிராங்கோ காலப் பெயர்கள் போயின. ‘லா வான்குவார்தியா’ நாளிதழை 1881 முதல் இணையத்தில் தேடலாம், ஆனால் அந்தந்தக் காலத்துப் பெயரைப் போட்டுத்தான் தேட வேண்டும். ஸ்கேன் மங்கிய பக்கங்களில் எழுத்துகளைத் தப்பாக வாசித்திருக்கும். சொல் சிக்கவில்லையென்றால் தேதியை வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். வீட்டு எண்ணை நம்பாதீர்கள், அதுவும் மாறியிருக்கும். மூலைக்கட்டிடத்தைப் பழைய படத்தோடு ஒப்பிடுவதுதான் பாதுகாப்பு. படங்கள் சந்த் அகுஸ்தி மடத்தில் உள்ள புகைப்படக் காப்பகத்தில். அச்சிட அனுமதி வேறு, பார்க்க அனுமதி வேறு, முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

ஆட்களைத் தேடும்போது, இங்கே ஒருவருக்கு இரண்டு குடும்பப்பெயர் என்பது நினைவிருக்கட்டும். உவெர்த்தாஸ் அப்பா வழி, கிளாவெரியா அம்மா வழி. அட்டவணை முதல் குடும்பப்பெயரில் ஓடும். (நம் இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப்பெயராக்கி உங்கள் வெளிநாட்டார் அட்டையில் அவர்கள் செய்யப்போகும் கூத்து தனி.)

இந்தப் பகுதியின் சொந்த மொழியான கத்தலானைத் தள்ளிப்போடாதீர்கள். ‘ஸ்பானிஷ் போதும்’ என்று சொல்கிறவர்களிடம் தெருமுனைக் கடை தாண்டி யாரைத் தெரியும் என்று கேளுங்கள். பேட்டை இதழ்கள், உவெர்த்தாஸின் அந்த ஏழு தொகுதி எல்லாம் கத்தலானில். தொடக்க வகுப்பு இலவசம். ஆனால் நோவு பாரிஸ் மாவட்டம் போனால் கிழவர்கள் ஸ்பானிஷில்தான் பேசுவார்கள். அவர்களும் வந்தேறிகள், ஸ்பெயினின் தெற்கே எக்ஸ்திரெமாதுராவிலிருந்தும் அந்தலூசியாவிலிருந்தும். ‘சார்நெகோ’ என்று ஏச்சு வாங்கியவர்கள். அங்கே தோரே பாரோ மேட்டில் ராத்திரியோடு ராத்திரியாகச் சுவரெழுப்பிக் கூரை போட்ட குடும்பங்கள். மேடு ஏறாது என்று நகரசபை சொன்ன பேருந்தை, 1978 மே மாதம் மனுவேல் வித்தால் என்ற ஓட்டுநர் 47ஆம் தடத்திலிருந்து திருப்பி அங்கேயே ஓட்டிக்காட்டினார். அவரும் எக்ஸ்திரெமாதுராவின் காசெரெஸ் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்தான். வெளியூர்க்காரனால் முடியுமா என்று கேட்டீர்களே, அந்த மேட்டிலிருந்தே தொடங்குங்கள்.

நகர வரலாற்றுக் காப்பகம் பேராலயத்துக்கு எதிரே, காசா தெ லார்தியாக்காவில். பாஸ்போர்ட்டும் பென்சிலும் கொண்டுபோங்கள். வாசலில் கல்லில் செதுக்கிய தபால் பெட்டி ஒன்று, கட்டிடக் கலைஞர் தொமேனெக் இ மொந்தானேர் வடிவமைத்தது. மேலே பறக்கும் தகைவிலான் குருவிகள், கீழே ஓர் ஆமை. நீதி பறக்க விரும்பும், அலுவலக நடைமுறை ஆமையாய் நகரும் என்று விளக்கம் சொல்வார்கள். வெளிநாட்டார் அட்டைக்கு முன்பதிவு தேதி கிடைக்காமல் நிற்கும்போது போய்ப் பாருங்கள்.

மிளகாய்த்தூள் ராவாலில் கிடைக்கும்.