பழைய எண், புதிய எண்: டொமைன் கேள்விகளுக்குப் பதில்

சென்னையில் ஒரே கதவில் இரண்டு எண் எழுதியிருப்பது நமக்குப் பழகிவிட்டது. பழைய எண்ணைச் சொல்லி வருகிறவருக்கும் வீடு கிடைக்க வேண்டும், புதிய எண்ணோடு வருகிறவருக்கும் கிடைக்க வேண்டும். டொமைன் வேலையிலும் பாதிச் சிக்கல் இதுதான். இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் அமேசான் கிளவுடின் ரூட் 53 பற்றியவை. டொமைன் பெயரைக் கேட்டால் அது எந்த சர்வரில் இருக்கிறது என்று சொல்லும் டிஎன்எஸ் சேவை அது. மற்ற கிளவுடுகளிலும் அடிப்படை ஒன்றுதான், பட்டன் இருக்கும் இடம் மட்டும் மாறும்.

கடை வெப்சைட்டைப் பழைய ஹோஸ்டிங்கிலிருந்து கிளவுடுக்கு மாற்றி ஒரு நாள் ஆகிறது. என் போனில் புதுசு வருகிறது. தம்பி போனில் இன்னும் பழசுதான், அதில் தீபாவளி ஆஃபர் அப்படியே நிற்கிறது. எங்கே தப்பு?
துணிக்கடைக்காரர், எம்.சி. ரோடு, பழைய வண்ணாரப்பேட்டை

தப்பு எதுவும் நடக்கவில்லை. தம்பியின் போனோ அவருடைய நெட் கம்பெனியின் சர்வரோ பழைய விலாசத்தை இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு பெயருக்கு என்ன பதில் என்று எழுதி வைத்த வரிதான் ரெக்கார்டு. ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் டிடிஎல் என்று ஒரு கணக்கு உண்டு. "இந்தப் பதிலை இத்தனை விநாடி வைத்துக்கொள், அதற்குப் பிறகு என்னிடம் மறுபடி கேள்" என்று அர்த்தம். சாதாரண சிபேனல் ஹோஸ்டிங்கில் இது வழக்கமாக 14400 விநாடி, அதாவது 4 மணி நேரம். நீங்கள் மாற்றுவதற்கு ஒரு நிமிடம் முன்னால் கேட்டுப் போனவர், இன்னும் 4 மணி நேரத்துக்குப் பழைய கடைக்குத்தான் போவார். ரூட் 53 தன் பங்குக்கு, நீங்கள் செய்த மாற்றத்தை உலகமெங்கும் உள்ள தன் சர்வர்களுக்குப் பொதுவாக 60 விநாடிக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். தாமதம் நடுவில் இருப்பவர்களிடம்.

உங்கள் விஷயத்தில் ஒரு நாள் தாண்டியும் பழசு வருகிறது என்றால், நேம் சர்வரையே, அதாவது உங்கள் ரெக்கார்டுகளை வைத்திருந்து பதில் சொல்லும் சர்வரையே மாற்றியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். டாட் காம் பட்டியலில் நேம் சர்வர் விவரத்தின் டிடிஎல் 172800 விநாடி. முழுசாக 2 நாள். அதனால் பழைய ஹோஸ்டிங்கை இப்போதே ரத்து செய்யாதீர்கள். மூன்று நாளாவது ஓடட்டும். அங்கே ஆர்டர் எடுக்கும் பக்கம் இருந்தால் அதை மட்டும் மூடிவிட்டு, போன் நம்பரைப் போட்டு வையுங்கள். பழைய தளத்தில் ஆர்டர் விழுந்து யாரும் பார்க்காமல் போவதுதான் இதில் உண்மையான நஷ்டம். தம்பியிடம் வைஃபை ரவுட்டரையும் போனையும் ஒருமுறை அணைத்துப் போடச் சொல்லுங்கள், சில சமயம் அதுவே போதும்.

அடுத்த முறை மாற்றுவதற்கு முந்தைய நாளே பழைய இடத்தில் டிடிஎல்லை 300 ஆக்கிவிடுங்கள். மாற்றும்போது குறைத்துப் பயனில்லை, பழைய கணக்கோடு வாங்கிப் போனவர் அந்தக் கணக்கைத்தான் வைத்திருப்பார். எல்லாம் நிலைத்த பிறகு திரும்பக் கூட்டிக்கொள்ளலாம்.

இன்னொன்று. புது ரெக்கார்டு போடும் முன்பே ஆர்வத்தில் பிரவுசரில் தட்டிப் பார்க்காதீர்கள். "அப்படி ஒரு பெயர் இல்லை" என்ற பதிலும் ஞாபகத்தில் நிற்கும். ரூட் 53-இல் மாற்றாமல் விட்ட அமைப்பில் அது 15 நிமிடம்.

நேம் சர்வரை ரூட் 53-க்கு மாற்றினோம். வெப்சைட் நன்றாக ஓடுகிறது. ஆனால் நேற்று முதல் மெயில் ஒன்றுகூட வரவில்லை. துறைமுக வேலை, ஒரு நாள் மெயில் வராமல் போனாலும் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும்.
கிளியரிங் ஏஜென்சி, ராயபுரம்

முதலில் ஒரு ஆறுதல். அனுப்பியவருடைய மெயில் சர்வர் உடனே கைவிடாது. வழக்கமாக 4, 5 நாள் வரை விட்டுவிட்டு முயன்றுகொண்டே இருக்கும். இன்றே சரிசெய்தால் பெரும்பாலான மெயில்கள் தாமதமாகவாவது வந்து சேரும். அவசரமான கன்சைன்மென்ட்காரர்களுக்கு மட்டும் இப்போதே போன் செய்துவிடுங்கள்.

நேம் சர்வரை மாற்றும்போது பழைய இடத்தில் இருந்த ரெக்கார்டுகள் தாமாக வராது. புது ஸோனில், அதாவது ரூட் 53-இல் உங்கள் டொமைனுக்கான ரெக்கார்டுப் பட்டியலில், நீங்கள் எழுதியது மட்டும்தான் இருக்கும். வெப்சைட் சர்வரின் எண் விலாசமான ஐபியைச் சொல்லும் ஏ ரெக்கார்டைப் போட்டுவிட்டு, மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸை விட்டிருப்பீர்கள். எனக்கும் இது நடந்திருக்கிறது. மாதவரத்தில் ஒரு லாரி புக்கிங் ஆபீசுக்காகச் சனிக்கிழமை மாலை மாற்றிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். திங்கள் காலை அவர்கள் கூப்பிட்ட பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து பழைய பேனலில் உள்ள எல்லா ரெக்கார்டையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றாக டிக் அடிக்காமல் நேம் சர்வரைத் தொடுவதே இல்லை.

சரி, போட வேண்டியவை. எம்எக்ஸ் ரெக்கார்டில் முன்னுரிமை எண்ணும் சர்வர் பெயரும் ஒரே பெட்டியில், நடுவில் ஒரு இடைவெளி விட்டு எழுத வேண்டும். சின்ன எண்ணுக்குத்தான் முதல் மரியாதை. பிறகு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும். உங்கள் பெயரில் போகும் மெயில் உண்மையில் உங்களுடையதுதான் என்று காட்டும் ரெக்கார்டுகள் இவை. இவை இல்லாவிட்டால் உங்களுக்கு மெயில் வரும், ஆனால் நீங்கள் அனுப்புவது ஸ்பேமில் விழும். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் மொத்தமாக மெயில் அனுப்புகிறவர்களிடம் இந்த மூன்றையும் கட்டாயமாகக் கேட்கின்றன.

இங்கே வழக்கமாகக் கால் இடறும் இடங்கள் உண்டு. எஸ்பிஎஃப் ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும். பில்லிங் சாப்ட்வேர்காரர் ஒன்று கொடுத்தார், மெயில் கம்பெனி ஒன்று கொடுத்தது என்று இரண்டையும் தனித்தனியாகப் போட்டால் இரண்டுமே செல்லாது. ஒரே வரியில் சேர்த்து எழுதுங்கள், அந்த வரி தூண்டும் டிஎன்எஸ் தேடல்கள் 10-ஐத் தாண்டக் கூடாது. டிகிம் சாவி நீளமாக இருக்கும். ஒரு மேற்கோளுக்குள் 255 எழுத்துக்கு மேல் போகாது என்பதால் இரண்டு துண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் மேற்கோள் குறி போட்டு, அடுத்தடுத்து வைக்க வேண்டும். ரெக்கார்டின் பெயர்ப் பெட்டியில் டொமைனையும் சேர்த்து ஒட்டாதீர்கள். ரூட் 53 தானாகவே பின்னால் சேர்த்துக்கொள்ளும், டொமைன் இரண்டு முறை வந்துவிடும். பார்க்க எல்லாம் சரியாகவே இருக்கும், வேலை மட்டும் செய்யாது.

வெறும் டொமைன் பெயருக்கு ஏன் சிநேம் போட முடியவில்லை? முன்னால் மூன்று டபிள்யூ இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள்கிறது.
கல்லூரி மாணவி, திருவொற்றியூர்

நல்ல கேள்வி. சிநேம் என்றால் "என் பெயரைக் கேட்காதே, அவரைக் கேள்" என்று பொருள். அப்படிச் சொன்ன பெயரில் வேறு ரெக்கார்டு எதுவும் இருக்கக் கூடாது என்பது 1987-இல் எழுதிய டிஎன்எஸ் விதி. ஆனால் டொமைனின் உச்சிப் பெயரில், அதாவது வெறும் பெயரில், நேம் சர்வர் ரெக்கார்டும் ஸோனின் அடிப்படை விவரம் சொல்லும் எஸ்ஓஏவும் இருந்தே ஆக வேண்டும். இரண்டும் ஒன்றாக நிற்காது. அதற்காகத்தான் ரூட் 53-இல் அலையஸ் என்று ஒன்று இருக்கிறது. வெளியே பார்க்கிறவருக்கு அது சாதாரண ஏ ரெக்கார்டு போலத்தான் தெரியும். உள்ளே அமேசானே, வருகிறவர்களைச் சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் லோட் பேலன்சரின் அப்போதைய ஐபியைப் பார்த்துச் சொல்லிவிடும். அப்படி அமேசான் சேவைகளைக் காட்டும் அலையஸுக்கு வரும் கேள்விகளுக்குக் கட்டணமும் கிடையாது. வெளி நிறுவனத்தின் சர்வரை அலையஸால் காட்ட முடியாது. பெயரில் உள்ள 53, டிஎன்எஸ் பேசும் போர்ட் எண்.

எங்கள் கன்டெய்னர் யார்டில் லாரி கேட்-பாஸ் சாப்ட்வேர் ஆபீசில் உள்ள சர்வரில்தான் ஓடுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கரன்ட் போய் எல்லாம் நின்றுவிட்டது. இப்போது மும்பையில் இன்னொரு சர்வர் எடுத்திருக்கிறோம். ஆபீஸ் விழுந்தால் தானாக அங்கே போக வைக்க முடியுமா?
யார்டு மேலாளர், எண்ணூர்

முடியும். எண்ணூர்ப் பக்கம் தொழில் செய்கிற ஒவ்வொருவரும் இதைக் கேட்க வேண்டும் என்பது என் ஆசை. அந்த டிசம்பரில் தண்ணீரோடு எண்ணெயும் சேர்ந்து வந்ததைப் பார்த்தவர்கள் நாம்.

ஒரே பெயருக்கு இரண்டு ரெக்கார்டு போட்டு, ஆபீஸ் ஐபியை பிரைமரி என்றும் மும்பையை செகண்டரி என்றும் குறியுங்கள். இதற்கு ஃபெயில்ஓவர் என்று பெயர். ஆபீஸ் ஐபி நிலையானதாக இருக்க வேண்டும். பிரைமரியோடு ஒரு ஹெல்த் செக்கை இணையுங்கள். சாதாரணமாக 30 விநாடிக்கு ஒருமுறை பார்க்கும், தொடர்ந்து 3 முறை பதில் வராவிட்டால் விழுந்ததாக எடுத்துக்கொள்ளும். அதாவது 90 விநாடி. ரெக்கார்டின் டிடிஎல் 60 என்றால் மொத்தம் இரண்டரை நிமிடம். கேட்டில் லாரி வரிசை நிற்கிற இடத்தில் இது தாங்கக்கூடிய நேரம்தான். வேண்டுமானால் 10 விநாடிக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லலாம், கொஞ்சம் கூடுதல் காசு.

உங்கள் ஃபயர்வாலைக் கவனியுங்கள். பாதுகாப்புக்காக இந்திய ஐபிகளை மட்டும் அனுமதித்திருந்தால், உலகின் பல மூலைகளிலிருந்து தட்டிப் பார்க்கும் ஹெல்த் செக்கர்கள் எல்லாம் வெளியிலேயே நிற்கும். அவற்றில் 18 சதவீதத்துக்கு மேல் "நலம்" என்று சொன்னால்தான் ரூட் 53 உங்கள் சர்வர் நலமாக இருப்பதாக நம்பும். நல்ல சர்வரையே செத்ததாக நினைத்து மும்பைக்குத் தள்ளிவிடும். அவற்றின் ஐபி பட்டியலை அமேசான் வெளியிடுகிறது, அதை அனுமதியுங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. டிஎன்எஸ் ஆளைத்தான் வழிமாற்றி அனுப்பும், சரக்கைத் தூக்கிக்கொண்டு போகாது. காலையில் போட்ட கேட்-பாஸ் மும்பையில் இல்லாவிட்டால் அங்கே போய் என்ன பயன்? டேட்டாபேஸ் இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்க முதலில் ஏற்பாடு செய்யுங்கள். ஆபீஸ் திரும்ப உயிர்பெற்றால் போக்குவரத்து தானாகவே அங்கே திரும்பிவிடும். அதற்குள் மும்பையில் போட்ட பாஸ்கள் ஆபீசுக்கு வந்து சேர வேண்டும். இதை யோசிக்காமல் விட்டு இரண்டு பக்கக் கணக்கும் ஒட்டாமல் போன இடங்களைப் பார்த்திருக்கிறேன்.

"விழுந்தால் நானே உள்ளே போய் ரெக்கார்டை மாற்றிக்கொள்கிறேன்" என்றும் இருக்காதீர்கள். ரூட் 53-இல் கேள்விக்குப் பதில் சொல்லும் சர்வர்கள் உலகம் முழுக்கப் பரவியிருக்கின்றன. ஆனால் மாற்றம் செய்யும் பகுதி அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இருக்கிறது. 2025 அக்டோபர் 20 அன்று அந்த வட்டாரத்தில் அமேசானின் டேட்டாபேஸ் சேவையான டைனமோடிபியின் டிஎன்எஸ் ரெக்கார்டு காலியாகிப்போய், உலகமெங்கும் பல சேவைகள் தடுமாறின. முன்கூட்டியே போட்டு வைத்த ஃபெயில்ஓவர் அப்படிப்பட்ட நாளிலும் கை கொடுக்கும். மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் சர்வரை நீங்களே அணைத்து, கேட்டில் நின்று பாருங்கள்.

ரெக்கார்டை எத்தனை முறை மாற்றினாலும் எதுவும் நடக்கவில்லை. பில்லில் மட்டும் இரண்டு ஸோனுக்குக் காசு வந்திருக்கிறது.
அச்சகம், பெரம்பூர்

உங்கள் கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது. ஒரே பெயரில் இரண்டு ஹோஸ்டட் ஸோன் உருவாகியிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் வேறு நான்கு நேம் சர்வர்கள். டொமைன் வாங்கிய இடத்தில் எந்த நான்கு பதிவாகியிருக்கின்றனவோ, அந்த ஸோன்தான் உயிருள்ளது. நீங்கள் மற்றதில் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். நான்கையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, உயிரில்லாததை அழியுங்கள். அவசரத்தில் மாற்றி அழித்துவிட்டால், புதிதாக உருவாக்கும்போது வேறு நான்கு பெயர்தான் கிடைக்கும்.

கட்டணம்: ஒரு ஸோனுக்கு மாதம் அரை டாலர், 10 லட்சம் கேள்விக்கு 0.40 டாலர், மேலே ஜிஎஸ்டி. அச்சகத்துக்கு இது டீக்காசு. தெரியாமல் உருவாக்கிய ஸோனை 12 மணி நேரத்துக்குள் அழித்தால் அந்த அரை டாலரும் இல்லை.

ஐந்து வருடம் முன்னால் வெப்சைட் செய்து கொடுத்தவர் டொமைனைத் தன் பெயரிலேயே வாங்கியிருக்கிறார். இப்போது போன் எடுப்பதில்லை. அடுத்த மாதம் ரினீவல். என்ன செய்வது?
டியூஷன் சென்டர், வியாசர்பாடி

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை, ஒவ்வொரு முறையும் மனசு கஷ்டப்படுகிறது. கடை உங்களுடையது, போர்டு வேறொருவர் பெயரில்.

இன்றே, டொமைன் பதிவு விவரம் காட்டும் ஹூயிஸ் தேடலில் உங்கள் டொமைனைப் போட்டுப் பாருங்கள். யார் பெயரில் என்பது மறைத்திருந்தாலும், டொமைன் விற்கும் எந்த ரிஜிஸ்ட்ராரிடம் வாங்கியது, எந்தத் தேதியில் முடிகிறது என்பது தெரியும். அந்த ரிஜிஸ்ட்ராருக்கு எழுதி, காசு கொடுத்த ரசீது, அவரோடு பேசிய வாட்ஸாப், மெயில் எல்லாவற்றையும் இணையுங்கள். உள்ளே நுழைய முடியாவிட்டாலும் மூன்றாம் ஆள் ரினீவல் பணம் மட்டும் கட்ட வழி உண்டா என்று கேளுங்கள். பெயர் கை நழுவாமல் இருப்பதுதான் முதல் வேலை, உரிமைச் சண்டையைப் பிறகு போடலாம். அவரையும் நேரில் போய்ப் பாருங்கள். நிறையப் பேர் வேண்டுமென்றே செய்வதில்லை, வேலை மாறி மறந்துவிடுகிறார்கள். அவர் ஒத்துக்கொண்டால் டிரான்ஸ்ஃபர் கோடு வாங்கி, உங்கள் பெயரில், உங்கள் மெயிலில், உங்கள் கார்டில் மாற்றுங்கள். டாட் இன் டொமைனாக இருந்து, கெட்ட எண்ணத்தோடு பிடித்து வைத்திருக்கிறார் என்றால், டாட் இன் பெயர்களை நிர்வகிக்கும் நிக்ஸி நடத்தும் ஐஎன்டிஆர்பி என்ற தகராறு தீர்க்கும் வழி உண்டு. அதற்கு அந்தப் பெயரில் உங்களுக்கு உள்ள உரிமையைக் காட்ட வேண்டும், வக்கீல் துணை தேவைப்படும்.

ரினீவல் ஞாபகமூட்டல் போகும் மெயிலை அதே டொமைனில் வைக்காதீர்கள். டொமைன் முடிந்தால் அந்த மெயிலும் முடிந்துவிடும்.

சிங்கப்பூரிலும் துபாயிலும் எங்களுக்கு வாடிக்கையாளர்கள் உண்டு. நாட்டுக்கு ஒரு பக்கம் காட்ட ஜியோலொகேஷன் போதுமா?
கருவாடு ஏற்றுமதி, காசிமேடு

விலையும் மொழியும் நாட்டுக்கு நாடு மாறுகிறது என்றால் போதும். வேகம்தான் கவலை என்றால், வருகிறவருக்கு எது சீக்கிரம் பதில் தருமோ அங்கே அனுப்பும் லேட்டன்சி ரூட்டிங் எடுங்கள். ஜியோலொகேஷன் போட்டால் டிஃபால்ட் ரெக்கார்டு ஒன்றை மறக்காமல் சேர்த்துவிடுங்கள். அது இல்லாவிட்டால், பட்டியலில் இல்லாத நாட்டிலிருந்து வருகிறவருக்குப் பதிலே கிடைக்காது.

தமிழிலேயே டொமைன் வாங்கலாமா? எங்கள் படிப்பகத்துக்கு வேண்டும்.
புது வண்ணாரப்பேட்டை

தாராளமாக. நம் நாட்டுக்கே "இந்தியா" என்று தமிழில் எழுதிய முடிவு இருக்கிறது, புள்ளி இந்தியா. இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் இதேபோல உண்டு. உள்ளே டிஎன்எஸ் தமிழ் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ளாது, எக்ஸ்என் என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் கோவையாக மாற்றிக்கொள்ளும். ரூட் 53-இல் ஸோன் உருவாக்கும்போது அந்தக் கோவையைத்தான் கொடுக்க வேண்டும். புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே அது 63 எழுத்தைத் தாண்டக் கூடாது. தமிழ்ப் பெயர் மாறும்போது நீண்டுவிடும், அதனால் சின்னப் பெயராக எடுங்கள். மெயிலுக்கு மட்டும் ஒரு ஆங்கில டொமைனையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள், தமிழ் மெயில் விலாசத்தை எல்லா ஃபார்ம்களும் இன்னும் ஏற்பதில்லை. தளம் தயாரானதும் விலாசத்தை அனுப்புங்கள், வந்து பார்க்கிறேன்.