முக்கால் வட்டத்துக்கு என்ன சான்று?

கேள்வி: ஓசூரில் இருபத்திரண்டு பேர் வேலை பார்க்கும் சிறிய எந்திரப் பாகத் தொழிற்கூடம் ஒன்றில் தர மேற்பார்வையாளராக இருக்கிறேன். ஆடிட்டுக்கு வந்தவர்கள் சுவரில் இருந்த ஸ்கில் மேட்ரிக்ஸை (யாருக்கு எந்த வேலை எவ்வளவு தெரியும் என்பதை வட்டங்களை நிரப்பிக் காட்டும் அட்டவணை) காட்டி, ஓர் ஆபரேட்டருக்கு முக்கால் வட்டம் நிரப்பியதற்கு என்ன சான்று என்று கேட்டார்கள். எனக்கு விடை தெரியவில்லை. சிஎன்சி (கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் எந்திரம்) ஆபரேட்டர்களின் திறனை மதிப்பிடவும் வளர்க்கவும் நம்பத்தக்க ஆவணங்கள் செலவில்லாமல் எங்கே கிடைக்கும்?

பதில்: அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. தர மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 9001:2015 தரநிலையின் 7.2ஆம் பிரிவு, ஒரு வேலைக்கு வேண்டிய தகுதிறனைத் தீர்மானிக்கவும், குறை இருந்தால் அதைச் சரிசெய்ய எடுத்த நடவடிக்கை பலன் தந்ததா என்று பார்க்கவும், சான்றை ஆவணமாக வைத்திருக்கவும் சொல்கிறது. வட்டம் வரைய வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை.

முதலில் தேசியத் தகுதிப் பதிவேட்டின் இணையதளத்தைப் பாருங்கள். சிஎன்சி டர்னிங் (லேத் வேலை) போன்ற வேலைகளுக்குத் துறைத் திறன் கவுன்சில்கள் தயாரித்த தகுதி ஆவணங்கள் அங்கே இருக்கின்றன. ஆபரேட்டர் என்னென்ன செய்து காட்ட வேண்டும், எவற்றை அறிந்திருக்க வேண்டும், செய்முறைக்கு எவ்வளவு மதிப்பெண், எழுத்துத் தேர்வுக்கு எவ்வளவு என்பதெல்லாம் வரிவரியாக அவற்றில் உண்டு. அப்படியே பிரதி எடுக்காமல், உங்கள் எந்திரங்களுக்கும் நீங்கள் செய்யும் ஜாப்களுக்கும் பொருந்தும் வரிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்கு, சென்னை கிண்டியில் உள்ள தேசியப் பயிற்சி ஊடக நிறுவனம் ஐடிஐ மாணவர்களுக்காக வெளியிடும் டர்னர், மெஷினிஸ்ட் பாடநூல்களும், மத்திய அரசின் பாரத் ஸ்கில்ஸ் இணையதளத்தில் உள்ள பாடத்திட்டங்களும் வினாத் தொகுப்புகளும் உதவும். அச்சிட்ட பாடநூல்களுக்கு விலை உண்டு என்றாலும் அந்தச் செலவு வீணாகாது.

ஆனால் மதிப்பீட்டை எந்த ஆவணமும் உங்களுக்காகச் செய்து தராது. எந்திரத்தின் அருகில் நின்று பார்க்க வேண்டும். ஆபரேட்டர் டூல் மாற்றிய பிறகு ஆஃப்செட்டை (டூலின் அளவுக்கேற்ப எந்திரத்தில் இடும் திருத்த மதிப்பு) தானே திருத்துகிறாரா, முதல் பீஸை மைக்ரோமீட்டரில் அளந்து வரைபடத்தின் டாலரன்ஸோடு, அதாவது அனுமதித்த அளவு வேறுபாட்டோடு, ஒப்பிடுகிறாரா, அளவு எல்லையை நெருங்கும்போதே நிறுத்துகிறாரா அல்லது தாண்டிய பிறகா என்பவற்றை, தேதியும் ஜாப் எண்ணும் இட்டு, நீங்களும் ஆபரேட்டரும் கையொப்பமிட்டுப் பதியுங்கள். துணை இருந்தால் செய்கிறார், தனியே செய்கிறார், பிறருக்குக் கற்றுத் தருகிறார் என்ற நிலைகளுக்கு இடையிலுள்ள வேறுபாட்டையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள். அப்போதுதான் இரு மேற்பார்வையாளர்கள் ஒரே ஆளுக்கு இரு வேறு மதிப்பீடு தர மாட்டார்கள்.

ஒன்றை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன்: அறிவைச் சோதிக்கும் கேள்விகளைத் தமிழில், வாய்மொழியாகக் கேளுங்கள், உங்களிடம் வேலை பார்ப்பவரின் தாய்மொழி தெலுங்கோ இந்தியோ என்றால் அதில் கேளுங்கள். பத்தாண்டு லேத் ஓட்டியவர் ஆங்கில வினாத்தாளில் தடுமாறுவது அவருடைய தொழில்திறனைப் பற்றி எதையும் சொல்வதில்லை. குறை தெரிந்த இடத்தில் பயிற்சி கொடுத்து, மூன்று மாதம் கழித்து அதே வேலையை மறுபடி பார்த்து, அந்த இடைவெளியில் அவர் ஷிப்டில் வந்த ரிஜெக்‌ஷன் எண்ணிக்கையையும் அதே தாளில் குறித்துவிட்டால், அடுத்த ஆடிட்டில் அந்தத் தாளையே சான்றாகக் காட்டலாம்.