1,312 பிழை கண்டுபிடித்த கிளீனர்: கம்ப்யூட்டர் கேள்வி-பதில்

செங்கோட்டையில் சாரல் ஆரம்பித்துவிட்டால் என் கடைக்கு இரண்டு வகைக் கம்ப்யூட்டர்கள் வரும். ஈரம் பிடித்துப் படுத்தவை ஒரு வகை. ‘வேகமாக்குகிறேன்’ என்று யாரோ எதையோ இன்ஸ்டால் செய்து, இருந்த வேகமும் போனவை இன்னொரு வகை. இந்தத் தடவை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இரண்டாவது வகை. அதனால் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

அண்ணாச்சி, மண்டியில் பில் போடும் கம்ப்யூட்டர் ஊர்ந்து போகிறது. இலவசம் என்று, குப்பையை நீக்கி வேகமாக்கும் கிளீனர் சாஃப்ட்வேர் ஒன்றை இறக்கி ஓட்டினேன். 1,312 பிழைகள் என்று சிவப்பில் காட்டுகிறது. சரிசெய்ய 1,999 ரூபாய் கேட்கிறது. ஓணம் சரக்கு ஏறுவதற்குள் கட்டிவிடட்டுமா? (பாவூர்சத்திரம்)

கட்டாதீர்கள். உங்கள் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். தக்காளி அழுகலா இல்லையா என்று பார்ப்பவரும், அழுகலைப் பொறுக்கிக் கொடுக்கக் கூலி கேட்பவரும் ஒரே ஆள் என்றால் அவர் கணக்கை அப்படியே நம்புவீர்களா?

பிரௌசர் குக்கி (இணையதளங்கள் விட்டுவைக்கும் சின்னக் குறிப்பு) ஒவ்வொன்றும் ஒரு பிழை, தற்காலிகக் கோப்பு ஒவ்வொன்றும் ஒரு பிழை, என்றோ நீக்கிய சாஃப்ட்வேரின் மிச்சம் ஒரு பிழை என்று எண்ணினால் ஆயிரம் வராமல் என்ன செய்யும்? அன்றுதான் பெட்டி பிரித்து விண்டோஸ் போட்ட லேப்டாப்பில் இப்படி ஒன்றை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அதிலும் நானூறுக்கு மேல் பிழை சொன்னது. பிறந்து அரை மணி நேரமான பிள்ளைக்கு மூட்டுவலி!

இது நம் ஊர்க் கூத்து மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஆஃபீஸ் டிப்போ கடைகளில் இலவசமாகக் கம்ப்யூட்டரைப் பரிசோதித்துத் தந்தார்கள். ஸ்கேனுக்கு முன்னால் ‘மெதுவாக இருக்கிறதா’ என்பது மாதிரி 4 கேள்விகள். ஒன்றுக்கு டிக் அடித்தாலே போதும், ஸ்கேனில் எதுவும் சிக்காவிட்டாலும் வைரஸ் அறிகுறி என்று முடிவு வந்துவிடும். அந்நாட்டின் ஃபெடரல் டிரேட் கமிஷன் வழக்குப் போட்டது. 2019-ல் அந்தக் கடைக்காரர்களும், சாஃப்ட்வேர் கொடுத்த சப்போர்ட் டாட் காமும் சேர்ந்து 3.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டார்கள். 2024-ல் ரெஸ்டோரோ, ரீஇமேஜ் என்ற இரண்டு நிறுவனங்கள் இதே மாதிரி பயமுறுத்தி விற்ற புகாரில் 2.6 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டன. மிரட்டிப் பணம் கேட்கும் கிளீனர்களை 2018 மார்ச் முதல் விண்டோஸ் டிஃபென்டரே வேண்டாத சாஃப்ட்வேர் பட்டியலில் சேர்க்கிறது.

சரி, மெதுவாக இருப்பது உண்மைதானே? அதற்குக் காசில்லாத சோதனை ஒன்று உண்டு. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பில் போடும்போது அதில் டிஸ்க் என்ற இடம் 100 சதவீதத்திலேயே நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால், அநேகமாக உள்ளே இருப்பது பழைய சுழலும் ஹார்டு டிஸ்க். அதை மாற்றி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) போடுங்கள். மெமரி என்ற இடம் நிரம்பி வழிந்தால் ராம் (ஓடுகிற சாஃப்ட்வேர்களின் சரக்கை வைத்திருக்கும் நினைவகம்) போதவில்லை. 4 ஜிபி இருந்தால் 8 ஆக்குங்கள். அதே ஜன்னலில் ஸ்டார்ட்அப் பகுதிக்குப் போய், கம்ப்யூட்டர் எழும்போதே கூட எழுந்துகொள்ளும் வேண்டாதவற்றை நிறுத்துங்கள். ஓவர்லோடு ஏற்றிக்கொண்டு ஆரியங்காவு கணவாய் ஏறுகிற லாரிக்குக் கண்ணாடி துடைத்துவிட்டால் இழுவை கூடுமா? அந்தக் கிளீனரையும் அப்படியே நீக்கிவிடுங்கள், ஸ்டார்ட்அப்பில் அதுவும் உட்கார்ந்திருக்கும்.

அக்‌ஷயா சென்டர் (கேரள அரசின் இ-சேவை மையம்) நடத்துகிறேன். ரெஜிஸ்ட்ரி கிளீனர் ஓட்டினால் வேகம் கூடும் என்று ஒரு சேட்டன் சொன்னார். ஓட்டியதிலிருந்து தமிழும் மலையாளமும் அடிக்கிற பழைய டைப்பிங் சாஃப்ட்வேர் திறக்கவே இல்லை. (ஆரியங்காவு)

உங்கள் வலி எனக்குத் தெரியும், அக்கா. கடை தொடங்கிய புதிதில் ஒரு டிடிபி சென்டர் கம்ப்யூட்டரில் நானே இதைச் செய்தேன். முகூர்த்த சீசன், கல்யாணப் பத்திரிகை வேலை குவிந்து கிடக்கிறது. ‘அண்ணே, வேகமாக்கிக் கொடுங்க’ என்றார்கள். ரெஜிஸ்ட்ரியைத் துடைத்துக் கொடுத்தேன். மறுநாள் காலையில் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக நிற்கிறது. ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து மறுபடி எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்தேன். கூலி வாங்க வாய் வரவில்லை.

ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸின் பேரேடு. எந்த சாஃப்ட்வேர் எங்கே இருக்கிறது, எப்படித் திறக்க வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் பதிவாகும். லட்சக்கணக்கான பதிவுகள் இருக்கிற இடத்தில் சில நூறை அழித்தால் வேகத்தில் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் அழித்ததில் ஒன்று தேவையானதாக இருந்துவிட்டால் அந்த சாஃப்ட்வேர் படுத்துவிடும். எது பழைய மிச்சம், எது எப்போதாவது தேவைப்படுவது என்று கிளீனருக்கு உறுதியாகத் தெரியாது, ஊகம்தான். நம் பழைய எழுத்துரு சாஃப்ட்வேர்கள் தங்கள் குறிப்புகளை ஏடாகூடமான இடங்களில் வைத்திருக்கும். அதனால் முதல் பலி அவைதான். ரெஜிஸ்ட்ரி கிளீனர்களை ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே எழுதி வைத்திருக்கிறது.

இப்போது செய்ய வேண்டியது: அந்தக் கிளீனருக்குள் பேக்கப் அல்லது ரெஸ்டோர் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். பல கிளீனர்கள் அழிப்பதற்கு முன் ஒரு நகல் எடுத்து வைக்கும். அதனால் கிளீனரை அவசரப்பட்டு நீக்கிவிடாதீர்கள். நகல் இல்லையென்றால், விண்டோஸைப் பழைய தேதியின் நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரெஸ்டோரில் பழைய தேதி இருக்கிறதா பாருங்கள். அதுவும் இல்லையென்றால் டைப்பிங் சாஃப்ட்வேரை மறுபடி இன்ஸ்டால் செய்வதுதான் வழி. இந்தச் சாக்கில், எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடுக்கு மாறிவிடுங்கள். விண்டோஸிலேயே தமிழ், மலையாளம் இரண்டுக்கும் கீபோர்டு இருக்கிறது.

சிசிகிளீனர் எல்லாருக்கும் தெரிந்த பேர். அதையாவது நம்பலாமா? (கடையநல்லூர்)

ஏமாற்று சாஃப்ட்வேர் இல்லை. பல வருஷம் நானும் வைத்திருந்தேன். ஆனால் 2017-ல் நடந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த நிறுவனத்தின் உள்ளே புகுந்த திருடர்கள் 5.33 என்ற பதிப்பிலேயே தீநிரலைச் சேர்த்துவிட்டார்கள். ஆகஸ்ட் 15-லிருந்து ஏறக்குறைய ஒரு மாதம், அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே, சரியான டிஜிட்டல் கையொப்பத்துடன் அது இறங்கியது. சுமார் 22.7 லட்சம் கம்ப்யூட்டர்களில் போய் உட்கார்ந்தது. பயன்படுத்தியவர்கள் செய்த தப்பு என்று ஒன்றுமே இல்லை.

அதனால் நான் கேட்கிற கேள்வி ‘நல்ல நிறுவனமா’ என்பது இல்லை, ‘இது எனக்குத் தேவையா’ என்பதுதான். அட்மின் உரிமையோடு (எதையும் மாற்றும் முழு அதிகாரத்தோடு) ஓடுகிற ஒவ்வொரு சாஃப்ட்வேரும் வீட்டுக்கு இன்னொரு வாசல். குப்பைக் கோப்புகளை அள்ள விண்டோஸ் 10, 11-ல் ஸ்டோரேஜ் சென்ஸ் இருக்கிறது. அதற்கு மேல் ஒரு கிளீனர் எனக்குத் தேவைப்பட்டு ரொம்ப நாளாகிறது. உங்களுக்கு வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், ரெஜிஸ்ட்ரி பகுதியை மட்டும் தொடாதீர்கள்.

ராம் பூஸ்டர் ஓட்டினால் காலியிடம் கூடுவது கண்ணுக்கே தெரிகிறதே? (தென்காசி)

தெரியும். ஓடிக்கொண்டிருக்கும் சாஃப்ட்வேர்களின் சரக்கை ராமிலிருந்து வெளியே தள்ளினால் இடம் காலியாகத்தான் தெரியும். அடுத்த நிமிடம் அதே சரக்கு வேண்டும் என்றால் ராமை விட மெதுவான டிஸ்க்கிலிருந்து திரும்ப எடுத்து வர வேண்டும். நிறைந்த ராம் வீணான ராம் இல்லை. 1995-ல் சாஃப்ட்ராம்95 என்று ஒன்று, ராமை இரட்டிப்பாக்கும் என்று சொல்லி அமோகமாக விற்றது. பிரித்துப் பார்த்தால் உள்ளே அந்த வேலையே நடக்கவில்லை!

எஸ்எஸ்டிக்கு மாதாமாதம் டிஃப்ராக் (சிதறிய கோப்புகளை ஒன்றுசேர்ப்பது) செய்கிறேன், சரிதானே? (புனலூர்)

வேண்டாம், தம்பி. சுழலும் தட்டு இல்லாததால் கோப்பு எங்கே சிதறிக் கிடந்தாலும் எடுக்கிற நேரத்தில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. தேவையில்லாமல் எழுதி எழுதி ஆயுளைத்தான் குறைப்பீர்கள். எஸ்எஸ்டிக்கு வேண்டிய டிரிம் என்ற வேலையை (நீக்கிய கோப்புகளின் இடம் காலி என்று டிஸ்க்குக்குச் சொல்வது) விண்டோஸே அட்டவணை போட்டுச் செய்துகொள்கிறது.

யூடியூபில் ஒரு டீபிளோட் ஸ்கிரிப்ட் (விண்டோஸில் வேண்டாதவற்றை நீக்கும் கட்டளைத் தொகுப்பு) பார்த்தேன். ஒரு வரியை பவர்ஷெல்லில் (விண்டோஸின் கட்டளை ஜன்னல்) ஒட்டினால் போதுமாம், கேம் பறக்குமாம். ஓப்பன் சோர்ஸ்தான். செய்யலாமா? (புளியரை, கல்லூரி மாணவர்)

ஓப்பன் சோர்ஸ் என்றால் யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று அர்த்தம், யாரோ படித்துவிட்டார்கள் என்று அர்த்தம் இல்லை. நீங்கள் படித்தீர்களா? ஒட்டுகிற அந்த ஒரு வரி இன்டர்நெட்டிலிருந்து பெரிய ஸ்கிரிப்டை இழுத்து வந்து அட்மின் உரிமையில் ஓட்டும். நேற்று வீடியோவில் பார்த்ததும் இன்று இறங்குவதும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை.

ஆனாலும் உங்கள் வயதில் கை சும்மா இருக்காது, எனக்கும் இருந்ததில்லை. சிஸ்டம் ரெஸ்டோர் இயங்குகிறதா என்று முதலில் பாருங்கள், பல கம்ப்யூட்டர்களில் அது அணைந்தே கிடக்கும். இயக்கிவிட்டு ஒரு ரெஸ்டோர் பாயின்ட் போடுங்கள். படிப்பு, புகைப்படம் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் நகலெடுங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். கேமில் எஃப்பிஎஸ் (ஒரு நொடிக்கு எத்தனை படம் காட்டுகிறது என்ற எண்) முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். எண் மாறவில்லையென்றால் பழையபடி திருப்பிவிடுங்கள். விண்டோஸ் அப்டேட்டையோ டிஃபென்டரையோ நிறுத்தச் சொல்கிற ஸ்கிரிப்ட் என்றால் அந்த வீடியோவை அங்கேயே மூடிவிடுங்கள்.

பிரிண்டர், சவுண்டு போன்ற பாகங்களை இயக்கும் டிரைவர்களைப் புதுப்பிக்க டிரைவர் அப்டேட்டர் போடலாமா? (சுரண்டை)

தேவையில்லை. விண்டோஸ் அப்டேட்டில் வருவது போதும், மீறினால் லேப்டாப் நிறுவனத்தின் தளம். நன்றாக ஓடுகிற டிரைவரைத் தோண்ட வேண்டாம்.

‘கம்ப்யூட்டரில் வைரஸ், உடனே அழையுங்கள்’ என்று திரை முழுக்க வந்தது, கூடவே சத்தம். பயந்து போய் அந்த நம்பருக்கு அழைத்துவிட்டேன். அவர்கள் சொன்னதை இன்ஸ்டால் செய்தேன், 3,000 ரூபாயும் அனுப்பினேன். இப்போது சந்தேகமாக இருக்கிறது. (தென்மலை, ஓய்வுபெற்ற ஆசிரியை)

டீச்சர், இதைப் படித்ததும் இன்டர்நெட் இணைப்பைப் பிடுங்குங்கள். வைஃபை என்றால் ரவுட்டரையே அணையுங்கள். அவர்கள் போடச் சொன்னது தூரத்திலிருந்து உங்கள் கம்ப்யூட்டரை இயக்குகிற சாஃப்ட்வேராக இருக்கும். அடுத்ததாக 1930-க்கு அழையுங்கள். இணையப் பண மோசடிக்கான தேசிய உதவி எண் அது, கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒன்றுதான். அழைப்பு எவ்வளவு சீக்கிரம் போகிறதோ, அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு. வங்கிக்கும் சொல்லிவிடுங்கள். மெயில், வங்கி பாஸ்வேர்டுகளை அந்தக் கம்ப்யூட்டரில் மாற்றாதீர்கள், வீட்டில் இருக்கும் வேறொரு போனில் மாற்றுங்கள். அப்புறம் கம்ப்யூட்டரை யாரிடமாவது கொடுத்து விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடச் சொல்லுங்கள். பக்கத்தில் யாரும் இல்லையென்றால் என் கடைக்கு அனுப்புங்கள், ஞாயிறு மட்டும் விடுமுறை.