கார் அலாரமும் ரிமோட் ஸ்டார்ட்டும்: நாமே பொருத்திக்கொள்ளலாமா?

கேள்வி: தேவகோட்டையில் எங்கள் பூர்வீக வீட்டில் ஒரு டீசல் கார் நிற்கிறது, கையால் கியர் மாற்றும் வண்டி. சென்னையிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறோம். அலாரமும் ரிமோட் ஸ்டார்ட்டும் சேர்ந்த கிட் ஒன்றை வாங்கி நானே பொருத்த விரும்புகிறேன். வெயிலில் நின்ற வண்டியில் ஏறுவதற்கு முன்பே ஏசியை ஓடவிடலாம் என்பதுதான் முக்கியக் காரணம். முடியுமா?

பதில்:

அலாரத்தை நீங்களே பொருத்தலாம். ரிமோட் ஸ்டார்ட்டையும் பொருத்த முடியும். ஆனால் உங்கள் வண்டிக்கு அது வேண்டாம் என்பேன். பள்ளத்தூரில் எங்கள் வீட்டு டீசல் காருக்கு இரண்டையும் சேர்த்தே பொருத்தி, ஏழு மாதம் பயன்படுத்திவிட்டு, ரிமோட் ஸ்டார்ட்டுக்கான ஒரு வயரை மட்டும் கழற்றிவிட்டவன் என்ற முறையில் எழுதுகிறேன். பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படித்தேனே தவிர, நான் கார் மெக்கானிக் அல்லன். உத்தரவாதக் காலம் முடியாத வண்டி என்றால் எந்த வயரையும் வெட்டாதீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தொடங்குவதற்கு முன் நல்ல டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். பழைய எலக்ட்ரீஷியன்கள் கையில் வைத்திருக்கும் பல்பு போட்ட டெஸ்ட் லேம்பு, தான் எரிவதற்கே வயரிலிருந்து மின்சாரத்தை இழுக்கும். இன்றைய வண்டிகளின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்குச் செல்லும் மெல்லிய வயர்களில் அதை வைத்தால் அந்தப் பெட்டியே பழுதாகக்கூடும். மஞ்சள் உறையும் மஞ்சள் கனெக்டரும் கொண்ட வயர்கள் ஏர்பேக்குக்கு உரியவை. அவற்றில் மீட்டரைக்கூட வைக்கக் கூடாது. ஸ்டீயரிங்குக்குக் கீழுள்ள மூடியைக் கழற்றுவதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையை எடுத்துவிட்டுச் சில நிமிடங்கள் காத்திருங்கள். அப்போது சாவி உங்கள் சட்டைப் பையிலும், ஒரு கண்ணாடி இறக்கப்பட்டும் இருக்கட்டும். கதவு தானாகப் பூட்டிக்கொண்ட பிறகு வெளியே நின்று விழித்த அனுபவம் எனக்கு உண்டு.

மூடியைக் கழற்றி எந்த வயர் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்ட பின், அளப்பதற்காகப் பேட்டரியை மீண்டும் இணைக்க வேண்டும். மீட்டரின் கறுப்பு முனையை வர்ணம் பூசாத இரும்பில் வைத்து, சிவப்பு முனையை இக்னிஷன் சுவிட்சுக்குப் பின்னால் வரும் தடித்த வயர்களில் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். சாவி இல்லாதபோதும் 12 வோல்ட்டுக்கு மேல் காட்டுவது நேரடியாகப் பேட்டரியிலிருந்து வரும் வயர். சாவியை முதல் நிலைக்குத் திருப்பியதும் உயிர் பெற்று, ஸ்டார்ட் செய்யும் அந்த ஓரிரு நொடிகள் மட்டும் செத்துவிடுவது ரேடியோ போன்றவற்றுக்கான ஆக்சஸரி வயர். இரண்டாம் நிலையில் வந்து, ஸ்டார்ட் செய்யும்போதும் சாகாமல் நிற்பது இக்னிஷன் வயர். ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் காட்டுவது ஸ்டார்ட்டர் வயர். சில வண்டிகளில் ஏசி ஊதிக்குத் தனியாக இன்னொரு வயர் வரும். அதைத் தவறவிட்டால் ரிமோட்டில் எஞ்சின் ஓடும், ஏசி மட்டும் ஓடாது. கிட்டோடு வரும் தாளில் இந்த நிறம் இந்த வேலைக்கு என்று அச்சிட்டிருப்பது கிட்டின் வயருக்குத்தான் பொருந்தும். உங்கள் வண்டியின் வயர்களுக்கு மீட்டர் சொல்வதுதான் கணக்கு.

இணைப்புகளில் அவசரப்படாதீர்கள். வயரின் மேல் கவ்வி அழுத்தினால் போதும் என்று விற்கப்படும் பிளாஸ்டிக் கிளிப்புகள் முதல் நாள் நன்றாகத்தான் இருக்கும். நம் ஊர்க் கப்பி ரோட்டிலும் சித்திரை வெயிலிலும் ஒரு வருடம் ஓடிய பிறகு, எந்த இணைப்பு தளர்ந்தது என்று தேடுவதற்குள் தலை சுற்றிவிடும். உறையைச் சீவி, சுற்றி, சோல்டர் வைத்து, சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். எர்த் வயரை, வர்ணத்தைச் சுரண்டிய இரும்பில் போல்ட்டு வைத்து முடுக்குங்கள். புதிதாகப் பொருத்தியவர்கள் 'அலாரம் தானாக அடிக்கிறது' என்று புலம்பும்போது நான் முதலில் கேட்பது எர்த்தைப் பற்றித்தான். பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்கும் இடத்திலேயே, அதை ஒட்டி ஃபியூஸ் இருக்க வேண்டும். சைரனை பேனட்டுக்குள், புகைக்குழாயின் சூடு படாத இடத்தில், மழைநீர் தேங்காதபடி வாயைக் கீழ்நோக்கித் திருப்பி மாட்டுங்கள். அதன் வயரை, பேனட்டுக்கும் வண்டியின் உட்புறத்துக்கும் இடையிலுள்ள தகட்டில் ஏற்கெனவே இருக்கும் ரப்பர் வாசர் வழியாக உள்ளே கொண்டுவந்துவிட்டு, மீதமுள்ள ஓட்டையை அடைத்துவிடுங்கள். இல்லையென்றால் எலிக்கு நாமே கதவு திறந்துவைத்தது போலாகும்.

அதிர்வு சென்சாரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அதை டேஷ்போர்டுக்குக் கீழே ஓர் இரும்புச் சட்டத்தில் திருகி, மிகக் குறைந்த உணர்திறனில் தொடங்கி, கதவுத் தூணில் கையால் குத்திப் பார்த்துச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். நான் உற்சாகத்தில் முழுவதும் கூட்டிவைத்தேன். எங்கள் பக்கத்தில் மயில்கள் அதிகம். விடியற்காலையில் ஒரு மயில் காரின் கூரையில் வந்து இறங்கினால் ஊரே விழித்துக்கொள்ளும். கோயில் திருவிழாவில் அதிர்வேட்டுப் போட்ட இரவில் ஒவ்வொரு வேட்டுக்கும் என் வண்டி பதில் சொன்னது. மறுநாள் எதிர்வீட்டு ஆச்சி, "தம்பி, ஒன் வண்டிக்கு ஏதாச்சும் மேலுக்குச் சரியில்லையா?" என்று கேட்டார். அன்றே பாதிக்கும் கீழே குறைத்தேன்.

உங்களைப் போல வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. அலாரம் விழித்திருக்கும்போது 20 மில்லி ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு ஏறக்குறைய அரை ஆம்பியர் மணி. இரண்டு மாதத்தில் 29 ஆம்பியர் மணி. வண்டியின் சொந்தக் கடிகாரமும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் எடுப்பது இதற்கு மேல். 60 ஆம்பியர் மணி பேட்டரியாகவே இருந்தாலும் நீங்கள் வந்து இறங்கும் நாளில் அது ஸ்டார்ட்டரைச் சுற்றாது. 1953இல் திறக்கப்பட்ட மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரி காரைக்குடியில் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள ஊர்களின் கார் ஷெட்டுகளில் வருடந்தோறும் எத்தனை பேட்டரிகள் இப்படி உட்கார்ந்துவிடுகின்றன என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுப் போனால் பேட்டரி பிழைக்கும், ஆனால் அலாரம் இராது. பாதி வீடுகள் பூட்டிக்கிடக்கும் தெருவில் சைரன் அடித்தால் கேட்பதற்கு யார் இருக்கிறார்கள் என்பதையும் யோசியுங்கள்.

இனி ரிமோட் ஸ்டார்ட். இதில் வயரிங் பெரிய சிக்கல் அன்று. வண்டியில் ஏற்கெனவே இருக்கும் காவல்களை நாமே ஒவ்வொன்றாக ஏமாற்ற வேண்டியிருப்பதுதான் சிக்கல். முதலாவது இம்மொபிலைசர். சாவிக்குள் இருக்கும் சிறிய சிப்பை, சாவித்துளையைச் சுற்றியுள்ள சுருள் அடையாளம் கண்டால்தான் எஞ்சின் ஓடும். ரிமோட்டில் ஓட வேண்டுமென்றால் ஒரு சிப் எப்போதும் வண்டிக்குள்ளேயே இருந்தாக வேண்டும். ஒழுங்கான பைபாஸ் பெட்டி, ரிமோட் ஸ்டார்ட் நடக்கும்போது மட்டும் அந்த சிப்பைச் சுருளோடு இணைக்கும். மலிவான வழி, இரண்டாவது சாவியின் சிப்பைச் சுருளின் அருகிலேயே நிரந்தரமாக ஒட்டிவிடுவது. நான் செய்தது இரண்டாவது. திருட்டைத் தடுக்க அலாரம் வைத்துவிட்டு, தொழிற்சாலை வைத்த நல்ல பூட்டை அதே கையால் திறந்து போட்டிருந்தேன் என்பது பிறகுதான் உறைத்தது.

ஏமாற்ற வேண்டிய இரண்டாவது காவல், கியர் தொடர்பானது. ஆட்டோமேட்டிக் வண்டி பார்க் நிலையிலோ நியூட்ரலிலோ இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் சுற்றாது. கையால் மாற்றும் வண்டிக்கு அந்தக் காவல் இல்லை. கிளட்ச் மிதியில் சுவிட்ச் இருந்தாலும் ரிமோட்டின் வயர் அதைத் தாண்டித்தான் போகிறது. இதற்காகவே நல்ல கிட்டுகளில் ஒரு முறை வைத்திருக்கிறார்கள்: எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியை எடுத்துவிட்டு இறங்கிக் கதவைச் சாத்த வேண்டும், அதன் பிறகு கிட் தானே எஞ்சினை நிறுத்தும். கியரில் இருந்திருந்தால் கிளட்சை விட்ட கணமே எஞ்சின் நின்றிருக்கும், ஆகவே வண்டி நியூட்ரலில்தான் இருக்கிறது என்று கிட்டுக்கு உறுதியாகிவிடும். பிறகு ஏதாவது ஒரு கதவு திறந்தாலும் ரிமோட்டில் ஸ்டார்ட் செய்யும் அனுமதி ரத்தாகும்.

ஒவ்வொரு முறையும் இந்தச் சடங்கா என்று அலுத்து, நான் அதை அணைத்துவைத்தேன். ஒரு நாள் குன்றக்குடிக்குப் போய்வர ஒரு டிரைவரை அமர்த்தியிருந்தோம். திரும்பி வந்தவர், நம் ஊர் டிரைவர்கள் எல்லாரும் செய்வதைப் போல, ஃபர்ஸ்ட் கியரில் போட்டு நிறுத்திவிட்டுப் போனார். மறுநாள் மதியம் நான் வளவில், அதாவது வீட்டின் நடுமுற்றத்தில், நின்று பட்டனை அழுத்தினேன். எங்கள் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிவது; தடித்த சுவர்களைத் தாண்டி முகப்பிலிருந்து ரிமோட் எட்டாது என்பதால் வளவு வரை வந்துதான் அழுத்துவேன். பின்கட்டில் நின்ற வண்டி இரண்டு முழம் துள்ளி, அங்கே கிடந்த பழைய ஆட்டுரலில் மோதி அணைந்தது. பம்பரும் ஒரு விளக்கும் போயின. அந்த ஆட்டுரலை ஒட்டித்தான் எங்கள் வீட்டில் வற்றல் காயப்போடுவார்கள். டிரைவர் மீது எந்தத் தவறும் இல்லை. அன்று மாலையே ஸ்டார்ட்டர் வயரைப் பிரித்து முனையில் டேப் சுற்றினேன். ஒட்டிவைத்த சிப்பையும் எடுத்துவிட்டேன்.

ரிமோட்டில் ஓடும் எஞ்சினை பிரேக் மிதித்தால் அணைப்பது, பேனட் திறந்தால் அணைப்பது ஆகிய இரண்டு வயர்களையும் இணைக்காமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது மன்னிக்க முடியாத சோம்பல். டீசல் வண்டியில், ஸ்டார்ட் ஆவதற்கு முன் எஞ்சினின் உட்புறத்தைச் சூடாக்கும் குளோ பிளக் சூடாகும் வரை காத்திருக்கும் அமைப்பும் கிட்டில் இருக்க வேண்டும். மூடிய ஷெட்டுக்குள் ஆளில்லாமல் எஞ்சின் ஓடினால் கார்பன் மோனாக்சைடு சேரும்; அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஷெட்டும் வீடும் ஒரே சுவரைப் பகிரும் நம் வீடுகளில் இதை அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தெருவில் நிறுத்தி ஓடவிடலாம் என்றால் சட்டம் தடுக்கிறது: 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி, பொது இடத்தில் நிற்கும் வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் உரிமம் பெற்றவர் இருக்க வேண்டும், இல்லையேல் எஞ்சினை நிறுத்தி, பிரேக் போட்டு, வண்டி தானாக நகராதபடி செய்திருக்க வேண்டும்.

வெயிலுக்கு நான் இப்போது செய்வது மிக எளியது. நான்கு கண்ணாடிகளையும் இறக்கி, முதல் இரண்டு நிமிடம் அப்படியே ஓட்டினால் உள்ளே அடைபட்ட அனல் வெளியே போய்விடும். பிறகு கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டால், நின்ற இடத்தில் பத்து நிமிடம் ஓடவிட்டதற்கு எந்தக் குறையும் இல்லை.

ஆகவே அலாரம் மட்டும் உள்ள கிட்டை வாங்குங்கள். வாகனங்களையும் உதிரிபாகங்களையும் சோதித்துச் சான்றளிக்கும், புனேயில் உள்ள ஏஆர்ஏஐ அமைப்பின் சான்று பெற்றதாக இருந்தால், காப்பீட்டில் சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய் வரை தள்ளுபடி கேட்கலாம். ரசீதையும் சான்றையும் பத்திரப்படுத்துங்கள். ஊருக்குப் புறப்படும் நாளில் பேட்டரி முனையைக் கழற்றிவிட்டு, ஸ்டீயரிங்கில் ஓர் இரும்புப் பூட்டைப் போட்டுவிட்டுப் போங்கள்.