கைடு வேலையிலிருந்து வீட்டுத் தரகுக்கு: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

மாமல்லபுரம், மயிலாப்பூர் என்று பயணிகளை அழைத்துப் போகும் மகன், வீடு வாங்கி விற்றுத் தரும் தொழிலுக்கு மாறுகிறேன் என்கிறான், விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடலாம் அம்மா. ஆனால் டிசம்பர் சீசனைக் கைவிட்டுவிட்டு வேண்டாம். கமிஷன் பெரும்பாலும் பத்திரப்பதிவு அன்றுதான் கைக்கு வரும். வீடு பார்த்து, விலை படிந்து, வங்கிக் கடன் கிடைத்துப் பதிவு முடிய இரண்டு மூன்று மாதம் சர்வசாதாரணமாக ஆகும். நடுவில் கலைந்துபோகும் பேரங்களும் நிறைய. ஆறு மாத வீட்டுச் செலவு கையிருப்பில் இருக்கட்டும்.

தம்பிக்குப் பேச்சு வரும், தெரு தெரியும். கற்க வேண்டியது பத்திரம் படிப்பது. பதிவுத்துறை இணையதளத்தில் உங்கள் வீட்டுக்கே முப்பது வருட வில்லங்கம் (அந்தச் சொத்தின் மேல் பதிவான ஆவணங்களின் பட்டியல்) போட்டுப் பழகச் சொல்லுங்கள். வங்கியில் பத்திரத்தை அடமானம் வைத்த பதிவு ஒன்று இருந்தால், கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணம் பின்னால் பதிவாகியிருக்கிறதா என்று தேட வேண்டும். கடனை அடைத்தவர்களில் பலர் இந்த ரசீதைப் பதிவு செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். வாங்குபவரின் வங்கி அங்கேயே நிறுத்திவிடும், பதிவு தேதி தள்ளிப்போகும். பதிவாகாத அக்ரிமென்ட்டோ, வாரிசுகளின் உரிமையோ வில்லங்கத்தில் வராது. அதற்குத் தாய்ப்பத்திரமும் (சொத்தின் பழைய மூலப் பத்திரம்) வாரிசுச் சான்றும் பார்க்க வேண்டும். மயிலாப்பூரில் கட்டடம் ஒருவருடையது, மனை கோயிலுடையது என்ற வீடுகள் உண்டு. கோயில் வரலாறு தெரிந்த தம்பி இதையும் விசாரிக்கப் பழகட்டும்.

வாங்குபவரின் செலவை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். பழைய வீடானால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 80 லட்சத்துக்கு 7 லட்சத்து 20 ஆயிரம். கடைசி வாரத்தில் இந்தத் தொகை தெரியவந்து உடைந்த பேரங்கள் ஏராளம். விலை 50 லட்சத்தைத் தொட்டால் வாங்குபவர் விற்பவருக்குத் தரும் பணத்தில் 1 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்ட வேண்டும்.

பில்டரின் புதுத் திட்டங்களில் விற்றுத் தர, 2016ஆம் ஆண்டு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டப்படி முகவராகப் பதிய வேண்டும். பதியாமல் செய்தால் நாளுக்கு 10,000 ரூபாய் அபராதம், அது சொத்து விலையில் 5 சதவீதம் வரை ஏறலாம். வாயால் சொல்லும் பொய்யும் அந்தச் சட்டத்தில் குற்றம்தான். கைடு வேலையில் கேட்பவர் முகம் மலர ஒரு கதையைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். இங்கே “தண்ணி தேங்காதுங்க” என்று சேர்த்துவிட்டால் நவம்பர் மழையில் போன் வரும். வேளச்சேரியிலோ முடிச்சூரிலோ வீடு காட்டினால், 2015இல் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டு, கேட்டதை அப்படியே சொல்லட்டும்.

இன்னொரு பழக்கத்தையும் விட வேண்டும்: கடைக் கமிஷன். பயணிக்குத் தெரியாமல் கடைக்காரரிடம் கமிஷன் வாங்குவது கைடு வேலையில் நடக்கலாம். வீட்டுத் தரகிலும் அதே மாதிரி, ஓனர் சொன்ன விலைக்கு மேல் வைத்து விற்று மிச்சத்தை எடுத்துக்கொள்ளும் தரகர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பும் பதிவு அலுவலகத்தில் நேருக்கு நேர் பேசியதுமே குட்டு உடையும், அந்தப் பகுதியில் பிறகு யாரும் சாவி தரமாட்டார்கள். யாரிடம் எத்தனை சதவீதம் என்பதை (சென்னையில் 1 முதல் 2 வரை பேசுவார்கள்) வீடு காட்டுவதற்கு முன்பே எழுதி, இரு தரப்பிடமும் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.