ஆர்மீனியாவின் தலைநகர் யெரெவானில் தங்கியபடியே நாடு முழுவதையும் பார்த்துவிட முடியுமா?

“ஆர்மீனியாவுக்கு ஐந்து நாள் விடுமுறையில் செல்கிறோம். நாடுதான் சிறியதாயிற்றே, யெரெவானிலேயே தங்கிக்கொண்டு தினமும் ஒரு பக்கம் போய்வந்தால் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் அல்லவா?” என்று கேட்டிருக்கிறீர்கள். யெரெவானிலேயே தங்குங்கள், அதில் தவறில்லை. எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்ற கணக்கை மட்டும் விட்டுவிடுங்கள். நான் பயண முகவர் அல்லன். பணிக்காலம் முழுவதும் பள்ளியில் புவியியல் நடத்தி ஓய்வுபெற்றவன். என் மகள் யெரெவானில் மருத்துவம் படித்த காலத்தில், கோடையில் நானும் என் மனைவியும் அங்கே சென்று தங்கி, அவளுடன் நாட்டைச் சுற்றியிருக்கிறோம். “இவருக்கு என்ன தெரியும்” என்று கேட்க நினைப்பவர்களுக்கு, இவ்வளவுதான் தெரியும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாடு சிறியது என்பது பரப்பளவை மட்டும் பார்த்துச் சொல்வது. 29,743 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் கால் பங்குகூட வராது. ஆனால் அந்த நாட்டின் சராசரி உயரமே ஏறத்தாழ 1,800 மீட்டர். நம்முடைய ஏற்காடு அதைவிடத் தாழ்வானது. யெரெவான் சுமார் 1,000 மீட்டர் உயரத்தில், நாட்டின் மேற்கு ஓரத்தில், அரராத் சமவெளியின் விளிம்பில் இருக்கிறது. மேற்கே ஆர்மீனியத் திருச்சபையின் தலைமையிடமான எச்மியாட்சினையும் தெற்கே கோர் விராப் மடத்தையும் விட்டால், மற்ற எந்தத் திசையில் புறப்பட்டாலும் ஏற்றமோ கணவாயோ பள்ளத்தாக்கோ குறுக்கிட்டே தீரும். போதாக்குறைக்குத் துருக்கி 1993இல் எல்லையை மூடிவிட்டது. அஜர்பைஜான் பக்கமும் மூடியே கிடந்தது. சோவியத் காலத்தில் அஜர்பைஜானுக்குச் சொந்தமான நக்சிவான் வழியாகத் தெற்கே சென்றுகொண்டிருந்த ரயில் பாதை அதனால் பயனற்றுப் போய், தெற்கு மாவட்டங்களுக்கு மலைச் சாலையே கதி என்றாயிற்று. காலையில் ஏறி இறங்கிய அதே கணவாய்களை மாலையில் களைத்த உடம்போடு மறுபடி ஏறி இறங்க வேண்டும் என்பதைத் திட்டம் போடுகிறவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

ஆகவே அங்கே ஒரு நாளுக்கு ஒரு சாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை இடங்கள், எத்தனை கிலோமீட்டர் என்று எண்ணாமல், அந்தச் சாலையில் மிக உயரமான இடம் எது, எத்தனை மணிக்குள் அதைத் தாண்டித் திரும்ப வேண்டும், அன்று வெளிச்சம் எதுவரை இருக்கும் என்பவற்றைப் பாருங்கள். ஜூன் மாதத்தில் இரவு எட்டரை மணி வரை வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் ஐந்தரை மணிக்கே இருட்டிவிடும். ஒரே பயணத் திட்டத்தை இரண்டு பருவத்துக்கும் விற்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

அந்த எரிச்சலுக்குக் காரணம் உண்டு. நாங்கள் அங்கே இருந்த ஒரு கோடையில், வளைகுடாவில் வேலை பார்க்கும் என் மைத்துனர் குடும்பத்தோடு வந்திருந்தார். அவர்களுடைய முகவர் கொடுத்திருந்த தாளில் ஒரே நாளுக்குக் கோர் விராப், அரேனி, நோராவாங்க், தாத்தேவ் என்று நான்கு இடங்களை எழுதியிருந்தார்கள். வரைபடத்தை விரித்து, தாத்தேவ் மட்டுமே யெரெவானிலிருந்து ஏறத்தாழ 250 கிலோமீட்டர், நடுவில் 2,344 மீட்டர் உயரமுள்ள வொரோத்தான் கணவாய் இருக்கிறது, ஈரானுக்குப் போகும் கனரக வாகனங்களும் அதே சாலையில்தான் ஊர்ந்துகொண்டிருக்கும், கோரிஸ் நகரில் ஓர் இரவு தங்கிவிடுங்கள் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். “அத்தான், கூகுள் நாலு மணி நேரம்னுதான் காட்டுது, நீங்க இன்னும் அட்லஸ் காலத்துலயே இருக்கீங்க” என்று சிரித்துவிட்டுப் போனார். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டவர்கள் நள்ளிரவுக்கு மேல்தான் திரும்பி வந்தார்கள். குழந்தைகள் வாந்தி எடுத்திருந்தார்கள். தாத்தேவ் மடத்தில் நின்றது எவ்வளவு நேரம் என்று கேட்டேன். கம்பிவட ஊர்தி நிலையத்தில் வரிசையில் நின்றதுதான் நினைவிருக்கிறது என்றாள் மைத்துனர் மனைவி.

இத்தனைக்கும் அந்தக் கம்பிவட ஊர்தி பார்க்க வேண்டிய ஒன்று. 2010இல் திறந்தார்கள், ஹாலிட்சோர் கிராமத்திலிருந்து வொரோத்தான் பள்ளத்தாக்கின் மேலாக 5,752 மீட்டர் நீளத்துக்கு ஒரே ஓட்டமாகச் சென்று, ஒன்பதாம் நூற்றாண்டு மடத்தின் அருகே இறக்கிவிடுகிறது. நாங்கள் கோரிஸில் இரவு தங்கி மறுநாள் காலை சென்றதால், எங்கள் பெட்டியில் பாதிக்கு மேல் இடம் காலியாக இருந்தது. முழங்கால் வலியுள்ள என் மனைவி கண்ணாடியோரம் நிதானமாக நின்று பார்க்க முடிந்தது. “நாங்கள் ஒரே நாளில் தாத்தேவ் போய் வந்தோமே, நன்றாகத்தானே இருந்தது” என்று யாராவது கீழே எழுதக்கூடும். போய் வரலாம், மறுக்கவில்லை. அன்றைக்கு அதை மட்டும் வைத்துக்கொண்டு விடியற்காலையில் கிளம்பும் இளைஞர்களால் முடியும். நீங்கள் வயதான பெற்றோரையும் சிறு குழந்தையையும் அழைத்துச் செல்வீர்கள் என்று நினைத்து எழுதுகிறேன்.

தாத்தேவை விட்டுவிட்டால், அதே தென்கிழக்குச் சாலை அருமையான ஒரு பகலைத் தரும். கோர் விராப்புக்குக் காலையிலேயே போய்விட வேண்டும். 5,137 மீட்டர் உயர அரராத் மலை எல்லைக்கு அப்பால் துருக்கியில் நின்றாலும், அந்த மடத்திலிருந்து பார்த்தால் அடுத்த தெருவில் நிற்பது போலிருக்கும். வெயில் ஏறிய பின் கோடை மூட்டத்தில் அது கரைந்துவிடும். ஆர்மீனியாவைக் கிறிஸ்தவ நாடாக்கிய புனித கிரிகோரி பதின்மூன்று ஆண்டுகள் அடைபட்டிருந்ததாகச் சொல்லப்படும் நிலவறைக்குச் செங்குத்தான இரும்பு ஏணியில் இறங்க வேண்டும், பெற்றோரை இறக்காதீர்கள். அங்கிருந்து அரேனி. 5,500 ஆண்டுப் பழைமையான தோல் காலணி கிடைத்த குகை இருப்பது இந்த ஊரில்தான். அருகில் சாலை பிரிந்து, செம்பாறைகளுக்கு நடுவே நோராவாங்க் மடத்துக்குச் செல்கிறது. 1339இல் கட்டி முடித்த இரண்டடுக்குத் தேவாலயத்தின் முகப்பில் கைப்பிடி இல்லாத ஒடுங்கிய கற்படிகள் உண்டு. இளைஞர்கள் ஏறுவார்கள், நாங்கள் கீழிருந்து பார்த்தோம். மாலை வெயிலில்தான் அந்தப் பாறைகளின் நிறம் எழும்பும். ஆகவே கோர் விராப் காலையிலும் நோராவாங்க் பிற்பகலிலும் இருக்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.

போன வழியே திரும்ப வேண்டும் என்று மேலே சொன்னதற்கு ஒரு விலக்கும் இங்கே உண்டு. நோராவாங்கிலிருந்து வடக்கே திரும்பி, 2,410 மீட்டர் உயரச் செலிம் கணவாயைக் கடந்து, செவான் ஏரியின் தென்கரையில் இறங்கி, நோராதூஸ் இடுகாட்டில் நூற்றுக்கணக்காக நிற்கும் சிலுவைக்கற்களைப் பார்த்துவிட்டு யெரெவான் வந்து சேரலாம். கணவாயின் உச்சிக்குச் சற்றுக் கீழே, 1332இல் வணிகர்களுக்காகக் கட்டிய கல்சத்திரம் ஒன்று கூரையோடு முழுதாக நிற்கிறது. பள்ளியில் பட்டுப்பாதை என்று படம் வரைந்து விளக்கிய எனக்கு, கழுதைகளையும் ஒட்டகங்களையும் கட்டிய அந்தக் கல்தொட்டிகளைத் தொட்டுப் பார்த்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சியை இங்கே எழுதினால் பதில் நீண்டுவிடும். கோடையின் நீண்ட பகலில் மட்டுமே இந்தச் சுற்று சாத்தியம். பனிக்காலத்தில் அந்தச் சாலையை நம்ப முடியாது.

வடகிழக்குச் சாலைக்கு வருவோம். செவான் ஏரி 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 874இல் நிறுவிய மடம் நிற்கும் குன்று ஒரு காலத்தில் தீவு. மின்சாரத்துக்கும் பாசனத்துக்கும் சோவியத் அரசு ஏரியை இறைத்ததில் நீர்மட்டம் சுமார் 20 மீட்டர் இறங்கி, தீவு கரையோடு ஒட்டிக்கொண்டது. அதைச் சரிசெய்ய அர்ப்பா ஆற்று நீரை 49 கிலோமீட்டர்ச் சுரங்கம் வழியாக ஏரிக்குத் திருப்பும் வேலையை 1981இல் முடித்தார்கள். பெரும்பாலோர் இங்கே மீன் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் திரும்பாதீர்கள். ஏரியைத் தாண்டிச் சிறிது தூரத்தில் ஒரு சுரங்கச் சாலை வரும். நுழையும்போது மரமே இல்லாத புல்மேடு, வெளியே வந்தால் அடர்ந்த காடு. இந்தப் பக்கத்துக்கு ஈரக்காற்று வருவதில்லை, அந்தப் பக்கத்தில் மலை அதைத் தடுத்து மழையாக்கிவிடுகிறது. மழை மறைவுப் பிரதேசத்துக்கு இதைவிடச் சிறந்த பாடம் கிடையாது. அந்தக் காட்டுக்குள்தான் தில்லிஜானும் ஹாகார்ட்சின் மடமும் இருக்கின்றன.

“எங்கே போனாலும் ஒரே மாதிரி சர்ச்” என்று வேறு சொல்வார்கள். என் மைத்துனரும் சொன்னார். கெகார்ட் மடத்தில் உள்ள அறைகளைப் பாறையைக் குடைந்தே செய்திருக்கிறார்கள், மேல்தள அறையில் ஒருவர் மெல்லப் பாடினாலும் நாற்புறமும் ஒலி நிறையும். அதற்குப் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கும் கார்னியோ தேவாலயமே அல்ல, கிரேக்கப் பாணித் தூண்கள் சூழ்ந்த கோயில், 1679 நிலநடுக்கத்தில் சரிந்ததை 1969க்கும் 1975க்கும் இடையில் மீண்டும் எழுப்பினார்கள். நாயக்கர் மண்டபத்தையும் பல்லவர் குடைவரையையும் ஒன்று என்று சொல்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. எங்களை அழைத்துச் சென்ற முதிய ஓட்டுநர், நாங்கள் சென்னைப் பக்கத்தவர்கள் என்று மகள் சொன்னதும் வண்டியை ஓரம்கட்டிக் கைகுலுக்கினார். ஆர்மீனிய மொழியின் முதல் இதழ் 1794இல் மதராசில்தான் அச்சானது என்பதை அவர் பள்ளியில் படித்திருக்கிறார். நம் ஊரில் படித்தவர்களுக்கே அது தெரியாது.

கார் வாடகைக்கு எடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஓட்டுநரோடு எடுங்கள். மர்ஷ்ருத்கா எனப்படும் சிற்றுந்துகள் மலிவானவை, ஆனால் அவை ஊர்மக்களுக்காக ஓடுபவை. கார்னி வரை பேருந்து உண்டு, கெகார்டுக்கு அங்கிருந்து டாக்சிதான். நோராவாங்குக்குப் பிரிவுச் சாலையில் இறங்கி மேலும் எட்டுக் கிலோமீட்டர் போக வேண்டும். கியும்ரிக்கு மட்டும் ரயிலில் செல்லலாம், 1988 நிலநடுக்கத்தில் சிதைந்து எழுந்த அந்த நகரத்தை நடந்தே பார்க்கலாம் என்பதால் வண்டியும் தேவையில்லை. வந்திறங்கும் நாளின் பிற்பகலுக்குக் கார்னி, கெகார்ட். பிறகு தென்கிழக்கு, வடகிழக்கு, கியும்ரி. மிஞ்சும் நாளை வானிலை கெட்டால் மாற்றிக்கொள்வதற்காகக் காலியாக விடுங்கள். சைவ உணவுக்காரர் என்றால் கீரைகளை உள்ளே வைத்துச் சுடும் ழிங்கியாலோவ் ஹாத்ஸ் ரொட்டியை யெரெவான் சந்தையிலேயே வாங்கிக் கட்டிக்கொண்டு புறப்படுங்கள். மலைச் சாலையில் பெரும்பாலும் சுட்ட இறைச்சிதான் கிடைக்கும். டிசம்பரில் செல்வதாக இருந்தால் செலிமையும் தாத்தேவையும் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு, கார்னி, கெகார்ட், கோர் விராப், எச்மியாட்சின் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டு, மற்ற நேரத்தை யெரெவானிலேயே செலவிடுங்கள்.