முதல் வரியில் எதை வெட்டுவது?

கேள்வி: என் சிறுகதை இப்படித் தொடங்குகிறது: "மார்கழி மாதத்தின் கடுங்குளிர் நிறைந்த ஒரு அதிகாலைப் பொழுதில், தன் பழைய சைக்கிளை மெல்ல மிதித்துக்கொண்டு, நாற்பது வருஷமாகத் தன்னோடு பேசாமலிருந்த அண்ணனின் வீட்டுக்கு, அவர் செத்த பிறகுதான் போய்க்கொண்டிருந்தார் பழனிவேல்." நண்பர் இதை, "அண்ணன் இறந்த செய்தி கேட்டுப் பழனிவேல் சைக்கிளில் புறப்பட்டார்" என்று சுருக்கிக் கொடுத்தார். கச்சிதம்தான். ஆனால் என் நடை போய்விட்டதே?

பதில்: வெட்ட வேண்டியதோடு வெட்டக் கூடாததையும் சேர்த்து வெட்டிவிட்டார் நண்பர்.

மார்கழி என்ற பிறகு கடுங்குளிர் எதற்கு? அதிகாலை என்றாலே பொழுதுதான். 'ஒரு'வும் சும்மா நிற்கிறது. இவை போனால் உங்கள் நடைக்கு ஒன்றும் ஆகாது. பத்திரிகைக் கதைகளைப் படித்துப் படித்துக் கைக்குப் பழகிப்போன சொற்கள் இவை. உங்கள் குரல் இருப்பது 'செத்த பிறகுதான்' என்ற இடத்தில். 'இறந்த' என்று நாசூக்குப் பார்க்காமல் 'செத்த' என்கிறீர்கள். கூடவே அந்தத் 'தான்' ஒரு குத்தல். கதை சொல்கிறவருக்குப் பழனிவேல் மேல் ஏதோ கோபம் இருப்பது அங்கேதான் தெரிகிறது. நண்பரின் வரியில் அது இல்லை.

ஒரு சொல்லை எடுத்துப் பார்க்கும்போது 'தகவல் குறைகிறதா?' என்று மட்டும் கேட்டால் எல்லாக் கதையும் தந்தியாகிவிடும். சொல்கிற ஆள் காணாமல் போகிறாரா என்றும் பாருங்கள். புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' (1943) கதையின் முதல் வரியில் பிள்ளை பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் சந்தியில் 'ஆபத்தில்லாத ஓரத்தில்' நின்று யோசிக்கிறார். கறாரான எடிட்டர் கையில் அந்த இரண்டு சொல்லும் தப்பியிருக்காது. சந்தியில் நின்றால் போதாதா? போதாது. பிள்ளையின் ஜாக்கிரதையும், அதை ஓரக்கண்ணால் பார்த்துச் சிரிக்கிறவரும் அங்கேதான் இருக்கிறார்கள். வரி நீளம்தான்; எனக்கு ஒருநாளும் அலுத்ததில்லை.

அதற்காக நீளமெல்லாம் நடை ஆகிவிடாது. தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால், அடுக்கிய எச்சங்களை எல்லாம் வாசகர் அதுவரை மனதில் வைத்திருக்க வேண்டும். உங்கள் வரியில் எழுவாயும் அதற்குப் பின்னால்தான் வருகிறது. பெயரைத் தள்ளிவைத்தது நல்ல உத்தி. முன்னால் பாரம் குறைந்தால்தான் அது எடுபடும். இரண்டு எச்சத்துக்கு மேல் போனால் நான் வாக்கியத்தை உடைத்துவிடுவேன். இலக்கண விதியெல்லாம் இல்லை, என் கணக்கு.

நானாக இருந்தால் இப்படி வைப்பேன்: "நாற்பது வருஷம் பேசாமலிருந்த அண்ணன் வீட்டுக்கு, அவர் செத்த பிறகுதான் போனார் பழனிவேல். அதுவும் சைக்கிளை மெல்ல மிதித்துக்கொண்டு."

'தன்னோடு' போனதால் பேச்சை முறித்தது யார் என்பது மறைந்துவிட்டது. அடுத்த பக்கத்துக்கு அது உதவும். குளிர் வேண்டுமென்றால் மூன்றாம் வரியில் ஹேண்டில்பார் சில்லிடட்டும். 'அதுவும்' நான் சேர்த்தது. உங்கள் கதைசொல்லி பழனிவேல் மேல் இரக்கம் உள்ளவர் என்றால் அதை எடுத்துவிடுங்கள், 'தான்'கூட வேண்டாம். கதையை முடித்த பிறகுதான் இது உங்களுக்கே தெரியும். அதுவரை முதல் வரியை இழைத்துக்கொண்டிருக்காமல் மேலே எழுதுங்கள்.